மாடல் கரி வேகனும் அசல் கரி வேகனும்: அந்தப் பெயர்கள் உண்மையா?

கேள்வி இது: "இங்கிலாந்தில் வேலை பார்த்த என் பெரியப்பாவின் மாடல் ரயில்கள் அடங்கிய பெட்டி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஓஓ (OO) என்ற மாடல் அளவு. அதில் மேலே திறந்த கரி (நிலக்கரி) வேகன்கள் எட்டு. சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரி வியாபாரியின் பெயர். நிஜத்தில் இப்படி வேகன்கள் ஓடியதுண்டா, இல்லை கடையில் விற்பதற்காகப் போட்ட அழகா? இதை வைத்து நம்பும்படியான ஒரு கூட்ஸ் வண்டி அமைக்க முடியுமா?"

ஓடின. தாராளமாகவே ஓடின. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் பிரிட்டனில் ஏறக்குறைய 6 லட்சம் தனியார் வேகன்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி உங்கள் கையில் இருப்பதைப் போன்ற திறந்த கரி வேகன்கள்தான். சுரங்க முதலாளி, மொத்த வியாபாரி, இரும்பாலை, காஸ் கம்பெனி, சின்ன ஊரில் கரிக்கடை வைத்திருந்தவர் என்று ஆளாளுக்குச் சொந்த வேகன். ஆளாளுக்கு ஒரு நிறம், ஒரு எழுத்து. ஆகவே பெயர்களைப் பற்றிப் பொதுவாகச் சந்தேகம் வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது பெயருக்குக் கீழே இருக்கும் வண்டியைத்தான். கரி வேகனில் இருக்கும் ஒவ்வொரு கதவும், கோடும், கம்பியும் அந்தக் கரி எங்கே எப்படி இறக்கப்பட்டது என்பதால் வந்தவை. அது தெரிந்துவிட்டால் எந்த மாடல் சரி, எது ஒப்புக்குச் செய்தது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

முதலில், ரயில் கம்பெனி இருக்கும்போது வியாபாரி எதற்காகச் சொந்த வேகன் வைத்துக்கொண்டார்? ரயில் வந்த புதிதில் அதைக் கால்வாய் மாதிரிதான் நினைத்தார்கள். கால்வாயைக் கம்பெனி வெட்டும், படகு அவரவருடையது, போகிற தூரத்துக்குச் சுங்கம் கட்டினால் போதும். 1825-இல் திறந்த ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையும் அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். கொஞ்ச காலத்தில் எஞ்சின்களும் பயணிகள் வண்டிகளும் கம்பெனி கைக்குப் போய்விட்டன. கரி வேகன் மட்டும் சரக்குக்காரரிடமே தங்கிவிட்டது. கம்பெனிக்கு லட்சக்கணக்கான வேகன்களில் முதல் போடும் பாரம் இல்லை. வியாபாரிக்கோ குளிர்காலத்தில் ஊரே கரி கேட்கும்போது வேகனுக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. போகிற ஊரெல்லாம் அவர் பெயரைச் சொல்லும் விளம்பரப் பலகையாகவும் அது ஆனது. கையில் மொத்தப் பணம் இல்லாதவர்களுக்கு வேகன் கட்டும் கம்பெனிகள் தவணையிலும் வாடகையிலும் கொடுத்தன. வடகிழக்கு இங்கிலாந்தில் மட்டும் கதை வேறு. அங்கே நார்த் ஈஸ்டர்ன் ரயில் கம்பெனி கரி வேகன்களைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால் நியூகாசில் பக்கத்துக் காட்சி ஒன்றில் வண்ண வண்ண வியாபாரி வேகன்களை வரிசையாக நிறுத்தினால் விஷயம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அந்த வேகனின் வேலையை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். தெற்கே ஒரு சிறிய ஊரில் ஒரு கரி வியாபாரி. அவரிடம் நான்கைந்து வேகன்கள். காலி வேகன் சுரங்கத்துக்குப் போகிறது. பக்கவாட்டிலேயே "காலியானதும் இன்ன சுரங்கத்துக்கு அனுப்பவும்" என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். சுரங்கத்தில் சலித்துத் தரம் பிரித்த கரியை ஏற்றுகிறார்கள். யார்டு யார்டாக மாறி மாறி ஊர் வந்து சேர, கூட்ஸ் யார்டின் ஓரப்பாதையில் நிறுத்துகிறார்கள். வியாபாரியின் ஆட்கள் பக்கக் கதவைக் கீழே சாய்த்துவிட்டு மண்வாரியால் அள்ளிச் சாக்கில் நிரப்புகிறார்கள். ஒரு சாக்கு 112 பவுண்டு, ஏறக்குறைய 50 கிலோ. 12 டன் வேகன் என்றால் 240 சாக்கு. ஒரே நாளில் முடிந்துவிடாது. வேகன் அங்கேயே நிற்கும், கரி அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விற்கும். சின்ன ஊர் வியாபாரிக்கு அந்த வேகனே கிடங்கு மாதிரி. உங்கள் மாடலில் இருபக்கமும் நடுவில் ஒரு கதவு இருக்கிறதே, அது இந்த மண்வாரிக்காரருக்காக வந்த கதவு.

அடுத்து, வேகனின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் மேலே குறுக்காக ஒரு கம்பியும், அதிலிருந்து இறங்கும் இரும்புப் பட்டைகளும் தெரிந்தால் அது முனைக் கதவு. மேலே கீல், கீழே தாழ்ப்பாள். தெற்கு வேல்ஸின் கார்டிஃப், பாரி, பெனார்த் துறைமுகங்களில் வேகனை அப்படியே தூக்கி, அந்த முனை கீழே வரும்படி சாய்ப்பார்கள். முனைக் கதவு திறந்து கரி முழுவதும் சரிவுப்பாதை வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் போகும். கதவு ஒரு முனையில் மட்டும்தான் என்பதால் வேகன் சரியான திசையில் நிற்கிறதா என்பது துறைமுகத்தில் முக்கியமான கேள்வி. அதற்காகவே பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள். கோடு மேலே ஏறி முடியும் பக்கம்தான் கதவு. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கும் ஒரு நொடியில் புரியும். மாடல்களில் இந்தக் கோடு தலைகீழாக அச்சாகியிருப்பதையும், கதவே இல்லாத முனையைக் காட்டிக்கொண்டிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் எட்டிலும் இதை முதலில் சரிபாருங்கள். மூன்றாவது வகை அடிக்கதவு. தண்டவாளத்துக்கு அடியில் குழி இருக்கும் இடங்களில் கரியைக் கீழே கொட்டிவிட அது உதவும். வடகிழக்கில் உயரமான மேடைப்பாதையிலிருந்து கீழே கொட்டும் வழக்கம் இருந்ததால் அங்கே புனல் போலக் குறுகும் ஹாப்பர் வேகன்கள் பெருகின.

ஆளாளுக்குச் சொந்த வேகன் என்றால் தரம் எப்படியெல்லாம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மோசமாகக் கட்டிய ஒரு வேகன் நடுவழியில் அச்சு சூடேறி நின்றால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டியதுதான். இங்கேதான் ரயில்வே கிளியரிங் ஹவுஸ் வருகிறது. 1842-இல் தொடங்கிய அந்த அமைப்பின் முதல் வேலை, ஒரு கம்பெனியின் பாதையில் கிளம்பி இன்னொன்றின் பாதையில் முடியும் சரக்குக்குக் கணக்குப் பிரிப்பது. பிறகு தனியார் வேகன் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்ற விதிகளையும் அது வகுத்தது. 1887, 1907, 1923 ஆகிய மூன்று ஆண்டுகளில் வந்த விதிகளை மாடல்காரர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். தொடக்க கால வேகன்களில் பஃபர் (வேகன்கள் முட்டும்போது அதிர்ச்சியைத் தாங்கும் முனைப்பகுதி) என்பதே ஸ்பிரிங் இல்லாத வெறும் மரக்கட்டை. அடிச்சட்டத்தின் உத்திரத்தையே நீட்டிவிட்டிருப்பார்கள். முதல் உலகப் போர்க் காலத்தோடு பிரதான பாதைகளில் அந்த வகைக்கு இடமில்லாமல் போனது. அச்சுப்பெட்டியில் முதலில் கெட்டியான மசகுக் கொழுப்பு. 1923 விதியோடு எண்ணெய் வந்தது.

அந்த 1923 விதியின் 12 டன், ஏழு பலகை வேகன்தான் உங்கள் பெட்டியில் பெரும்பாலும் இருக்கும். ஏழு பலகை என்றால் பக்கச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பலகைகள். எண்ணிப் பாருங்கள். ஐந்து இருந்தால் அது வேறு வகை. கரியை விட எடை கூடின கல், ஜல்லி போன்றவற்றுக்கு உயரம் குறைந்த சுவர் போதும். கோக் (கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) ஏற்றும் வேகன்களில் நேர்மாறு. கோக் கரியை விட மிக லேசு, இடத்தை அடைக்கும். அதனால் சுவருக்கு மேல் கம்பி அல்லது பலகை வைத்து உயரத்தைக் கூட்டியிருப்பார்கள்.

சரி, இப்போது ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஓ அளவில் நிஜத்தின் 1 அடிக்கு மாடலில் 4 மி.மீ. கணக்கு மிகச் சுலபம். 1923 வேகனின் அடிச்சட்டம் 16 அடி 6 அங்குலம். மாடலில் 66 மி.மீ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 9 அடி. மாடலில் 36 மி.மீ. சக்கரத்தின் விட்டம் 3 அடி 1½ அங்குலம், மாடலில் 12.5 மி.மீ. இதில் எனக்கு முக்கியம் அந்த 36. பழைய மாடல்கள் பலவற்றில் அது 40 மி.மீ. இருக்கும். காரணம் எளிது: மூடிய சரக்கு வேன்களுக்கு 10 அடி அச்சு இடைவெளி சரி, அதற்கென்று செய்த அடிச்சட்டத்தையே கரி வேகனுக்கும் மாட்டிவிட்டார்கள். ஒரே வார்ப்பச்சில் எல்லா வேகனையும் வார்த்தால் செலவு மிச்சம். 4 மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 36 மி.மீ. உள்ளது குட்டையாகக் கால்களை ஒடுக்கி நிற்கும், முனைகள் சக்கரத்தைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும். கரி வேகனின் அடையாளமே அந்த நிற்கும் விதம்தான். மேலே எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் கால் தவறினால் எனக்கு அது கரி வேகனாகத் தெரிவதில்லை.

அளவு பற்றிப் பேசும்போது ஓஓ-வின் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். உடல் 4 மி.மீ. கணக்கில் இருக்கிறது; தண்டவாள அகலம் மட்டும் 16.5 மி.மீ. நிஜத்தில் 4 அடி 8½ அங்குலம், அதாவது 18.83 மி.மீ. இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வழங்கும், ஓஓ-வை விடச் சற்றுச் சிறிய எச்ஓ (HO) அளவுக்கு 16.5 சரி. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அந்தக் கால மோட்டார் அவற்றின் எச்ஓ உடலுக்குள் அடங்கவில்லை. உடலைப் பெரிதாக்கிவிட்டு தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இதைப் பொறுக்க முடியாதவர்கள் ஈஎம் என்று 18.2 மி.மீ.-க்கும், பி4 என்று 18.83-க்கும் சக்கரங்களை மாற்றிக்கொள்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிற நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். முன்பு ஒருவர் இதே வேகன்களுக்கு நிறம் மாற்றி நம்மூர் அகலப்பாதையில் ஓட்டலாமா என்று கேட்டார். நம் 5 அடி 6 அங்குலப் பாதை 4 மி.மீ. கணக்கில் 22 மி.மீ. வரும். 16.5-இல் வைத்தால் ஒட்டவே ஒட்டாது.

இனி எழுத்துக்கும் நிறத்துக்கும் வருவோம். அசல் வேகன்களில் பெயர் எழுதியவர்கள் கைதேர்ந்த எழுத்தோவியர்கள். வெள்ளை எழுத்தின் ஒரு பக்கமும் அடியிலும் கருப்பிலோ சிவப்பிலோ நிழல் கொடுத்து, எழுத்து பலகையிலிருந்து புடைத்து நிற்பதுபோலச் செய்வார்கள். வேல்ஸின் ஓஷன் கரிக் கம்பெனி இந்த அலங்காரத்துக்கெல்லாம் போகவில்லை. கருப்பு உடலில் பெரிய வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல். கரித்தூசி படிந்த பிறகும் படிக்க முடிகிற எழுத்து. இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குப் பெரிய காரணம் வேகன் கட்டிய கம்பெனிகள் எடுத்து வைத்த புகைப்படங்கள். குளஸ்டர் நகரின் வேகன் கம்பெனி தன் பட்டறையிலிருந்து வெளியே வரும் புது வேகன்களை நிறுத்தி வரிசையாகப் படம் எடுத்து வைத்தது. மாடல்காரர்களுக்கு அவை புதையல். ஆனால் கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை எப்படி அறிவது? அங்கே ஒரு பொறி இருக்கிறது. அக்காலத்து ஃபிலிம் பல சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு வேகன் படத்தில் கிட்டத்தட்டக் கருப்பாக விழும்; நீலம் வெளிறிப்போகும். படத்தை மட்டும் நம்பிக் கருப்பு என்று அச்சிட்ட மாடலுக்கு நிஜத்தில் சிவப்பு உடல் இருந்திருக்கலாம். எழுத்து மூலமான குறிப்போ, பழைய பெயின்ட் ஒட்டியிருக்கும் பலகையோ கிடைத்தால்தான் உறுதி.

மாடல் கம்பெனிகள் ஒரே உடலில் நூற்றுக்கணக்கான பெயர்களை அச்சிட்டு விற்றிருக்கின்றன. பெயர் உண்மை, வேகன் வகை தவறு என்பது இதில் அடிக்கடி நடப்பது. ஐந்து பலகை வேகன் மட்டுமே வைத்திருந்த வியாபாரியின் பெயர் ஏழு பலகையில் ஏறியிருக்கும். ஏதோ ஒரு கடையின் விழாவுக்காக உருவாக்கிய, தண்டவாளத்தையே பார்த்திராத பெயர்களும் உண்டு. வேகனில் பெயரை விளம்பரமாகப் போடும் பழக்கம் மாடல் உலகிலும் பழையது. ஹார்ன்பி என்ற பெயரில் விற்ற தகரப் பொம்மை ரயில்கள் 1920-இல் வந்தன. அந்தப் பத்தாண்டிலேயே கார்ஸ் பிஸ்கட், கோல்மன்ஸ் கடுகு பெயர்களோடு வேன்கள் வந்துவிட்டன. அவை சேகரிப்பாளர்கள் துரத்துகிற பொருட்கள். கூட்ஸ் வண்டி அமைப்பதற்கான சான்றாக அவற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: நம்பும்படியாக ஒரு வண்டி. இதற்கு முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள், அப்புறம் இடத்தை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு வேகன் வாங்கிக் குவிப்பதில் பயனில்லை.

ஆண்டு ஏன் முக்கியம்? 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் தனியார் வேகன்களை எல்லாம் அரசு ஒரே பொதுத்தொகுப்பில் சேர்த்துவிட்டது. அதுவரை ஒவ்வொரு காலி வேகனையும் தேடிப் பிரித்து அதன் சொந்தக்காரருக்குத் திருப்பி அனுப்பினார்கள். யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலையில் எவ்வளவு நேரம் இதற்கே போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பொதுத்தொகுப்பு வந்ததும் எந்த வேகனும் எந்தக் கரிக்கும் என்றாகிவிட்டது. பெயருக்கு இனி வேலையில்லை. யாரும் மறுபடி பெயின்ட் அடிக்கவில்லை. உடைந்த பலகைக்குப் பதில் புதுப் பலகை போட்டால் அது பெயின்ட் இல்லாத வெறும் மரமாகவே நிற்கும். பெயரின் நடுவில் இரண்டு எழுத்து காணாமல் போகும். 1947 ஜனவரி 1-இல் சுரங்கங்களும் 1948 ஜனவரி 1-இல் ரயில்வேயும் அரசுடைமை ஆயின. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய தனியார் வேகன்கள் பிரிட்டிஷ் ரயில்வேயின் கணக்கில் வந்தன. பழைய பெயர் மங்கித் தெரிய, இடது மூலையில் ஒரு சின்னக் கருப்புப் பட்டையில் பி (P) என்ற எழுத்தோடு தொடங்கும் புது எண். 1950-களில் அவற்றை வேகவேகமாக உடைத்துத் தள்ளினார்கள். ஆகவே பளபளப்பான எட்டு நிறங்கள் வேண்டுமென்றால் உங்கள் ஆண்டு 1939-க்கு முன்னால் இருக்க வேண்டும். 1950 என்றால் அதே எட்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும்.

1950-களைத் தேர்ந்தால் இன்னொரு வேகன் கட்டாயம்: 16 டன் இரும்பு வேகன். போர்க் காலத்தில் போக்குவரத்து அமைச்சகத்துக்காகக் கட்டத் தொடங்கி, பிறகு பிரிட்டிஷ் ரயில்வே 1950-கள் முடிகிற வரை தொடர்ந்து கட்டியது. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேல். பலகைக்குப் பதில் இரும்புத்தகடு. ஆனால் அடிச்சட்டம் அதே 16 அடி 6 அங்குலம், அச்சு இடைவெளி அதே 9 அடி. பெரிதாகக் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் பொது மேலாளர் ஃபீலிக்ஸ் போல் (Pole) 1920-களிலேயே 20 டன் வேகனைக் கொண்டுவந்து, அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கட்டணச் சலுகையும் கொடுத்துப் பார்த்தார். பெரிய அளவில் பரவவில்லை. சுரங்கத்தின் சலிப்புக்கூடம், துறைமுகத்தின் தூக்கி, யார்டு முனைகளின் சுழல்மேடை, வியாபாரியின் ஓரப்பாதை எல்லாமே சின்ன வேகனை வைத்துக் கட்டப்பட்டவை. வேகனைப் பெரிதாக்கினால் அத்தனையையும் இடித்துக் கட்ட வேண்டும். அந்தக் கட்டு 1960-களில்தான் அவிழ்ந்தது. நிற்காமல் ஊர்ந்தபடியே அனல்மின் நிலையத்தில் கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பும் 32 டன் ஹாப்பர் வேகன்கள் அப்போது வந்தன.

இடத்துக்கு வருவோம். எட்டு வியாபாரிகளின் எட்டு வேகன்கள் ஒரே வரிசையில் போவது பெரிய யார்டுகளுக்கு நடுவே நடக்கும். மிட்லண்ட்ஸின் டோட்டன் யார்டிலிருந்து லண்டனின் பிரென்ட் யார்டுக்குப் போகும் நீளமான கரி வண்டி என்றால் கலவை பொருந்தும். தெற்கு வேல்ஸில் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் வண்டியில் ஒரே கம்பெனியின் வேகன்கள் சரம் சரமாக வரும். சின்னக் கிளைப்பாதையில் தினமும் வரும் கூட்ஸில் கரி வேகன் இரண்டோ மூன்றோ போதும். அதில் ஒன்று உள்ளூர் வியாபாரியுடையது, மற்றவை சுரங்கத்தின் பெயரில் இருக்கலாம். கூடவே ஒரு கால்நடை வேகன், இரண்டு மூடிய வேன். உங்கள் எட்டில் எந்தப் பெயர் எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தென்மேற்கு மூலையின் டெவன் வியாபாரியும் தென்கிழக்கு மூலையின் கென்ட் வியாபாரியும் சுரங்கப் பக்கத்தில் சந்திக்கலாம். கிராமத்து ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க மாட்டார்கள்.

நீளத்தையும் கணக்குப் பார்த்துவிடுங்கள். பஃபரோடு சேர்த்து ஒரு வேகன் 78 மி.மீ. வரும், பன்னிரண்டு வேகன் சேர்த்தால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிஜத்தில் போனதுபோல அறுபது வேகன் என்றால் ஏறக்குறைய 4.7 மீட்டர், சாதாரண வீட்டு அறையில் அடங்காது. மேசை மேல் ஓட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டே கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

வேகனைக் கையில் எடுத்து வேலை செய்யத் தொடங்கினால் முதலில் உள்ளே பாருங்கள். பல மாடல்களில் வெளியே இருக்கும் சிவப்பே உள்ளேயும் இருக்கும். நிஜத்தில் உள்பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. முதல் லோடு கரியே அதை உரித்துவிடும். வெறும் மரம், கரித்தூசி, போல்ட்டு தலைகளில் துரு. நான் செய்வது இப்படி: உள்ளே முழுவதும் வெளிறிய பழுப்பு அடித்துக் காயவிடுவேன். பிறகு ஒவ்வொரு பலகைக்கும் சாம்பலோ பழுப்போ சற்று மாற்றி, மெல்லிய தூரிகையால் பலகையின் நீளவாக்கிலேயே ஓட்டுவேன். எல்லாம் காய்ந்ததும் கருப்பை நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிட்டு, துணியால் மேலிருந்து கீழே துடைத்தால் இடுக்குகளில் மட்டும் கருப்பு தங்கும். வெளியே ஒரே ஒரு பலகையைத் தேர்ந்து அதன் மேல் புது மர நிறம் அடியுங்கள், எழுத்தை வெட்டிக்கொண்டு போகிற மாதிரி. 1940-களுக்கு அது ஒன்றே போதும். இரும்பு வேகன் என்றால் துரு உள்ளிருந்துதான் தொடங்கும். கரி விழுந்து விழுந்து தகடு அடிபட்டு, பெயின்ட் போன இடங்கள் வெளியே திட்டுத் திட்டாகப் பூக்கும். சீராக எல்லா இடத்திலும் ஆரஞ்சு அடித்தால் அது துருவாகத் தெரியாது.

கரி லோடுக்குக் கரியையே பயன்படுத்துங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மேடு எவ்வளவு கருப்படித்தாலும் பிளாஸ்டிக்தான். நிஜக் கரித்துண்டைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, வடிகட்டியில் சலித்து இரண்டு மூன்று அளவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகக் கரி என்றால் 2 மி.மீ. துண்டுகள், நிஜத்தில் அரை அடிக் கட்டி. ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். தொடக்கத்தில் நான் வேகனுக்குள் நேரடியாகக் கரியைக் கொட்டி, தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையை மேலே விட்டேன். ஒரு வாரத்தில் பசை காய்ந்து சுருங்கியது. பக்கச் சுவர் இரண்டும் உள்பக்கமாக வளைந்துபோயின. அந்த வேகனை மீட்க முடியவில்லை. வேகனின் உள்ளளவுக்கு அரை மி.மீ. குறைவாக ஒரு தெர்மகோல் துண்டு வெட்டி, மேலே கருப்படித்து, அதன் மேல் கரியை ஒட்டி வெளியிலேயே காயவிடுங்கள். வேண்டும்போது லோடு, வேண்டாதபோது காலி என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் மட்டும் கோபுரமாகக் குவிக்காதீர்கள். சலிப்புக்கூடத்தின் அடியில் வேகன் நகர நகர விழுந்த கரி நீளவாக்கில் பரந்து, மேல் பலகையை ஒட்டிக் கொஞ்சம் மேடு பள்ளமாக இருக்கும்.

எடை விஷயத்தில் மட்டும் நிஜத்தைப் பின்பற்ற முடியாது. காலி வேகன் ஏறக்குறைய 6½ டன். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 76.2 மடங்கு சிறிதாக்கினால் மாடலின் எடை 15 கிராம்தான் வரும். முழு லோடோடு 42 கிராம். 15 கிராம் வேகன் வளைவில் நிற்காது, புரண்டுவிடும். அச்சுக்கு 25 கிராம், ஆக ஒரு வேகனுக்கு 50 கிராம் என்பது ஓஓ-வில் எல்லாரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அடிப்பக்கம் இடம் பார்த்து ஈயத்துண்டு ஒட்டிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் சக்கரங்கள் தண்டவாளம் முழுக்க அழுக்கைப் பூசும், 12.6 மி.மீ. என்று விற்கிற ஊசிமுனை அச்சுள்ள உலோகச் சக்கரங்களுக்கு மாற்றுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அச்சின் நீளம் சற்று மாறும். பழையதை அளந்துவிட்டு வாங்குங்கள். ஒரு விரலால் தள்ளினால் மேசையின் அந்தக் கோடி வரை ஓட வேண்டும்.

இணைப்புக்கு உங்கள் வேகன்களில் இருக்கும் பெரிய கொக்கியை அப்படியே விடலாம். அசலில் அங்கே மூன்று வளையச் சங்கிலி மட்டும்தான். இந்த வேகன்களுக்கு எஞ்சினிலிருந்து இயங்கும் பிரேக்கே கிடையாது; ஒவ்வொன்றிலும் கையால் அழுத்தும் நீளமான லிவர்தான், மாடலில் சக்கரங்களுக்கு முன்னால் தெரிகிறதே அதுதான். செங்குத்தான இறக்கம் வந்தால் வண்டியை உச்சியில் நிறுத்தி, பக்கத்தில் நடந்துபோய் ஒவ்வொரு லிவராகத் தடியால் அழுத்திப் பூட்டுவார்கள். கீழே வந்ததும் மறுபடி நிறுத்தி அவிழ்க்க வேண்டும். அதனால் எட்டு வேகனுக்கும் பின்னால் ஒரு கார்டு வேன் இல்லாமல் வண்டியை ஓட்டாதீர்கள். உள்ளே கார்டு தன் கைப்பிரேக்கைத் திருகிச் சங்கிலிகளை விறைப்பாக வைத்திருப்பார். தளர்ந்தால் அடுத்த இழுப்பில் ஏதோ ஒரு கொக்கி அறுந்துவிடும். உங்கள் பெரியப்பாவின் பெட்டியில் கார்டு வேன் இருக்கிறதா என்று சொல்லவில்லை. இல்லையென்றால் அடுத்து வாங்க வேண்டியது அதுதான். வாங்கும்போது விளக்குகளையும் சேர்த்து வாங்குங்கள்: பின்னால் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மூன்றும் பின்னோக்கிச் சிவப்பு, பக்க விளக்கு இரண்டும் எஞ்சின் பக்கம் வெள்ளை காட்டும், ஓட்டுநர் திரும்பிப் பார்த்து வண்டி முழுசாகப் பின்னால் வருகிறது என்று தெரிந்துகொள்வதற்காக.